தண்ணி ஓடுன அன்னிக்கு

மூக்கப் பொத்திக்கங்கண்ணா, வெக்கப்படாதீங்க. நானே முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டுத்தான் நிக்கறேன். ஏனுங்க, பைப்பு வேல பாக்கற உங்களுக்கே கொமட்டுதுன்னா நானெல்லாம் எம்மாத்திரம். செருப்பக் கழட்டாதீங்க, அந்தத் தண்ணி கால்ல படாம இக்கட்டால செங்கல்லு மேல ஏறி நின்னுக்கங்க. மெதக்கறது என்னன்னு உத்துப் பாக்காதீங்க. பாத்தா மத்தியானம் சோறு எறங்காது. எனக்கு ஆறு மாசமா எறங்கல.

அவருங்களா? எங்கூட்டுக்காரரு ஒண்டிக்கடை பஜாரு வரைக்கும் போயிருக்காரு, பெருசா ஒரு பைப்பு வாங்கியாறேன்னு. நீங்க ஸ்தனிஸ்லாஸ்தானுங்களே? உங்களப் பத்தி நேத்துப் பூரா அதே நாயந்தான். அவரு கைய வெச்சா எந்த அடைப்பும் தானா வழி உட்ரும் புஷ்பான்னு. நீங்க நாலாவது ஆளுங்க. இதுக்கு முன்னாடி வந்த மூணு பேரும் இப்ப இந்தப் பக்கம் தலவெச்சுக்கூடப் படுக்கறதில்ல.

நாளைக்குத் திங்கக்கெழமை பாருங்க. சேலத்துல எங்க ஊட்ட விக்கறதுக்கு ரிஜிஸ்டர் ஆபீசுல நாள் வாங்கி வெச்சிருக்காரு. இந்தத் தண்ணி இன்னிக்கு ஓடிருச்சுன்னா நாளைக்கு நான் போயிக் கையெழுத்துப் போட்டாகோணும். ஓடலைன்னா போட வேண்டியதில்ல. கக்கூசுக்கும் கையெழுத்துக்கும் என்னங்க சம்பந்தம்னு முழிக்கறீங்க. சொல்றேன், நீங்க பாட்டுக்குக் கம்பிய உட்டு வேலையப் பாருங்க. பேசாம நின்னா எனக்கு வாந்தி வந்துரும்.

இது ஊடு இல்லீங்க, கேபினாமா. ஊடுன்னு சொன்னா அவருக்குக் கோவம் வந்துரும். எந்தக் காலத்துலயோ எஸ்டேட் ரைட்டரு குடியிருந்த பலகை ஊடு, மேல தகரம். போன வருசம் வேலைய உட்டு நின்னாருங்க. நின்ன கையோட ஒரு செல்போன வாங்கிக்கிட்டு உக்காந்தாரு. அதுல எந்த நாட்டுக்காரங்களோ, ஒரு புருசனும் பொண்டாட்டியும் பனிக்குள்ள பலகை ஊடு கட்டி, கம்பளியப் போத்திக்கிட்டுக் காப்பி குடிக்கறாங்க. அதப் பாத்துப்போட்டு, நாமளும் அப்பிடி இருக்கலாம் புஷ்பான்னாரு. அன்னிக்குப் புடிச்ச கெரகங்க.

வாங்கறப்ப இந்த எடத்துல ரெண்டு கல்லும் ஒரு குழியும் இருந்துச்சு, அவ்வளவுதான். முன்னாடி இருந்தவங்க மண்டமுடி சுவத்தோட சுவரா ஒட்டிக் காஞ்சு கெடந்துச்சு. மாடத்துல ஒரு சோப்புத்துண்டு, அதுல ஒரு பல்லி செத்து அப்பிடியே பதிஞ்சு போயிருந்துச்சு. நான் வாசப்படியிலயே வாந்தி எடுத்தேன். எங்கூட்டுக்காரரு அந்த வாந்தியத் தாண்டி உள்ள போயி நின்னுக்கிட்டு, வெளிச்சம் நல்லா வருதுன்னாரு.

சனிக்கெழமையானா காத்தால அஞ்சு மணிக்கே கார எடுத்துருவாரு. நேரா மலையேறற ரோட்டுல கூட்டமாமா, சுத்திக்கிட்டுக் குப்பனூர் வழியாத்தான் வருவாரு. ரோடு வளையறது போதாதுன்னு, மடியில ஒரு டப்பா நெறையா அவிச்ச முட்டைய வெச்சுக்குவாரு. ஒரு வளைவு திரும்பறது, ஒரு முட்டைய வாயில போடறது. மஞ்சக்கரு ஒட்டுன கையிலயே ஸ்டேரிங்கப் புடிப்பாரு. அப்பறம் தொண்டையக் கனைச்சுக் காறித் துப்புவாரு, அது காத்துல திரும்பி வந்து பின்னாடிக் கண்ணாடியில வழியும். எறங்குனதும் ஒரு துணிய எங்கையில குடுப்பாரு. முப்பது வருசமா அந்தத் துப்பலத் தொடைக்கறவ நானு. சைக்கிள்ல போன காலத்துல என்ற சேலையே வாங்கிக்கிச்சு.

இந்த வெள்ளப் பீங்கான் இருக்குது பாருங்க, இத ஒரு நாளு கார்ல பின்சீட்டுல உக்கார வெச்சு, பெல்ட்டு போட்டு, துண்டு போத்திக் கூட்டியாந்தாருங்க. எனக்கு ஒரு நாளும் பெல்ட்டு மாட்டி உட்டதில்ல. டைல்ஸப் பாத்தீங்களா? அவரு கூட்டாளி கடையில வெலபோகாம மிஞ்சுனது, சமையக்கட்டுக்குன்னு செஞ்சது. அந்தச் சுவத்துல மாம்பழம், இந்தச் சுவத்துல தோசைக்கரண்டி. இதுல உக்காந்தா நேர் எதுத்தாப்புல டீ கப்பு படம், ஆவி வேற பறக்குது. கருமம். அதுலருந்து எனக்கு டீயே புடிக்கறதில்லீங்க.

ஆமாங்க, கையெழுத்துக்கு வர்றேன்.

சேலத்துல குகைங்கற ஏரியாவுல எங்க ஊடு. நொம்பச் சின்ன ஊடு. தெருவப் பாத்த ரூம்புல என்ற தையல் மிஷினு இருக்குது. போறவங்க வர்றவங்க, ஏனுங்கக்கா ஆயிருச்சான்னு ஜன்னல்ல கேட்டுட்டுப் போவாங்க. ஆகல, நாளைக்கு வாங்கம்பேன். ஒரு நாளைக்கு இருவது வாட்டி இதே பேச்சுத்தான், எனக்குச் சலிச்சதே இல்ல. அந்த ஊடு கட்டுனதுல சரிபாதி நான் தெச்ச ஜாக்கெட்டுத்தான். பத்திரமும் ரெண்டு பேரு பேர்லயும் இருக்குது. வாங்கறவங்க இடிச்சுப்போட்டு கொடவுனு கட்டப்போறாங்களாம். நாங்க ரெண்டு பேரும் இங்க வந்துரோணுமாம், ஒரேயடியா. இங்க நான் யாருக்குங்க தெக்கறது, கொரங்குக்கா? அதக் கேட்டா, நீ இனிமே வேலையே செய்ய வேண்டாம் புஷ்பா, நிம்மதியா எம்பக்கத்துல உக்காந்துக்கங்கறாரு. அதத்தானுங்க என்னால நெனச்சே பாக்க முடியல. தாலி கட்டுன மனுசன இப்பிடிச் சொல்லக்கூடாது, ஆனா சொல்லிப்போடறேன். பகல்ல மிஷினு சத்தம் இருக்கறதனாலதான் அந்தத் தொண்டைக் கனைப்பு எங்காதுல உழாம இத்தன வருசம் ஓடுச்சு.

தை மாசம் குலசாமி கோயிலுக்குப் போயிருந்தோம். அவரு தம்பி சுப்பிரமணியும் இருந்தாரு. எங்கூட்டுக்காரரு அங்கயே இந்தப் பேச்ச எடுத்தாரு. நான் வாயி சும்மா இருக்காம, கால் வெக்க முடியாத கக்கூச வெச்சுக்கிட்டுக் குடித்தனத்துக்குக் கூப்படறீங்களான்னு கேட்டேன். கட்டித் தந்தா வருவியான்னாரு. வர்றேன்னேன். நீ பேச்சு மாறுவ, சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுன்னுட்டாரு. கொழுந்தனாரு பாத்துக்கிட்டு நிக்கறாரு, எனக்கு ரோசம் வந்துருச்சு. சூடத்தப் பத்த வெச்சு, இங்க பாரு தாயே, தண்ணி தேங்காம ஓடற ஒரு பாத்ரூம்ப இவரு கட்டட்டும், ஓடுன அன்னிக்கு ஊட்ட விக்கக் கையெழுத்துப் போடறேன்னு சொல்லிக் கையால அடிச்சு அணைச்சுப்போட்டேன்.

சிரிக்காதீங்க. எந்தத் தைரியத்துல அணைச்சேன்னா, இவரு எதையும் முடிக்கற ஆளே இல்லீங்க. எங்கூட்டுப் பரணு பாதியில நிக்குது, பதினோரு வருசம் ஆச்சு. கட்டிலுக்கு மூணு காலு அவரு செஞ்சது, நாலாவதுக்குச் செங்கல்லு வெச்சிருக்கேன். இந்த மனுசனாவது மலையேறிக் கக்கூஸ் கட்டி முடிக்கறதாவதுன்னு இருந்துட்டேன். அங்கதானுங்க என்ற புத்தி கெட்டுது. வாராவாரம் வந்தாருங்க. மழையில நனைஞ்சுக்கிட்டு மணலு சலிச்சாரு. கட்டிக்கிட்ட நாளா நான் பாத்ததில்ல, அப்பிடி ஒரு வெறி.

மொதல்ல ஆறுமுகம்னு ஒருத்தரு வந்தாரு. தரைக்கு வாட்டமே உடல. ஊத்துன தண்ணியெல்லாம் படுக்கற ரூம்புக்கு வந்து, எந்திரிச்சுப் பாத்தா பாயி மெதக்குது. ரெண்டாவது ஆளு வாட்டத்தச் சரி பண்ணுனாரு, பைப்பு சிறுத்துப் போச்சு. அந்தச் சமயமெல்லாம் எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. இந்தச் சாக்கடைய மிதிச்சுக்கிட்டு, சாமிக்கு நன்றி சொல்லிக்கிட்டு நின்னேன்னா பாத்துக்கங்க.

மூணாவது ஆளு மாரமங்கலத்து ராமசாமி. தெரியுமுங்களா? நல்ல வேலக்காரருன்னு நீங்களும் சொல்றீங்க. மெய்தானுங்க. பழைய பைப்பப் பூராத்தையும் தோண்டி எடுத்து, பெருசாப் போட்டு, குழிய ஆழமா வெட்டி, குளிக்கற தண்ணியையும் கக்கூஸ் தண்ணியையும் ஒண்ணாச் சேத்து உட்டாரு. அவரு வேலையில ஒரு சொட்டை சொல்ல முடியாது. ஆனா அன்னிக்கே தண்ணி நின்னுருச்சு, அடுத்த வாரம் வந்து பாத்தா இந்த மாதிரி கொளமாட்டம் நிக்குது. இந்தச் சனியன்ல நேத்து எங்கூட்டுக்காரரு, நான் கட்டுனதுல நான் போவாம யாரு போவான்னு வீம்புக்கு உக்காந்துட்டு வேற வந்தாரு. அதத்தான் பாக்காதீங்கன்னேன். ராமசாமியக் கூப்புட்டு வெச்சு, தொழில் தெரியாத பயலேன்னு வாயிக்கு வந்தபடி பேசுனாருங்க. அந்த மனுசன் கரண்டியக் கழுவிப் பையில போட்டுக்கிட்டு, கண்ணு கலங்கிப் போனாரு.

என்னுங்க, கம்பியில மாட்டுதா? ஓட்டைய மூடியிருக்கற அந்த ஜாலிக்கு அக்கட்டால, வளைவுலதான? மெதுவா இழுங்க, கிழிஞ்சுரும்.

துணியா. செவப்புத் துணி, ஓரத்துல ஜரிகை இருக்குமே. அது டீச்சரம்மா ஒருத்தங்க ஜாக்கெட்டு வெட்டுனதுல மிஞ்சுனதுங்க. அதுக்குப் பின்னாடி ஒரு பச்ச இருக்கும், அப்பறம் ரெண்டு மூணு லைனிங் துணி. நாந்தான் வெச்சேன்.

அப்பிடிப் பாக்காதீங்கண்ணா.

ராமசாமி முடிச்சுக் குடுத்துட்டுப் போன அன்னிக்கு, இவரு வெளிய குழிக்கிட்ட நின்னுக்கிட்டு, ஒரு பக்கெட்டு ஊத்திப் பாரு புஷ்பான்னாரு. ஊத்துனேன். ஓடுச்சுங்க. கடகடன்னு ஒரு சத்தம், ஒரு சொட்டு நிக்கல. தரை கழுவி உட்ட தட்டாட்டம் இருந்துச்சு. ஓடுதான்னு கத்துனாரு. நிக்குதுங்கன்னு சொல்லிப்போட்டேன். வாயில தானா வந்துருச்சு. அவரு சுத்தி வர்றதுக்குள்ள, தரை தொடைக்கக் கொண்டாந்த வெட்டுத்துணிப் பையக் கவுத்து, ஜாலியத் தூக்கிட்டு, இந்தா இந்த முழங்கை வரைக்கும் உள்ள உட்டுத் திணிச்சேன். வழுவழுன்னு என்னமோ தட்டுப்பட்டுது. பல்லி ஒட்டுன சோப்பப் பாத்து வாந்தி எடுத்தவ நானு. அன்னிக்கு வாந்தி வரலீங்க. அதுக்கப்பறம் எத்தன சோப்பு போட்டாலும் இந்தக் கை நாறுது. சோத்தப் பெசைய முடியாம ஸ்பூனுல திங்கறேன். கேபினுக்கு வந்ததும் நாகரிகம் வந்துருச்சுன்னு அவரு சிரிக்கறாரு.

ஒரு பக்கெட்டு ஓடுனா ஓடுனதாக் கணக்காகுமுங்களா? நீங்க வேதக்காரரு, சர்ச்சுக்குப் போறவரு, சூடமெல்லாம் உங்களுக்கு இல்ல, இருந்தாலும் கேக்கறேன். அதக் கேக்க எனக்கு வேற ஆளில்ல. ஆகுமுன்னா என்ற தலையெழுத்து, எங்க குலசாமி என்ன செய்யறாளோ செஞ்சுக்கட்டும். அந்த மிஷினு முன்னாடி உக்காந்துக்கிட்டே வாங்கிக்கறேன்.

அது கார் சத்தந்தான், திரும்பி மேல ஏறறாரு. அந்தத் துணிய இப்பிடிக் குடுங்க. பிழியாதீங்க, ஈரமா இருந்தாத்தான் வளைவுல போயி உக்காரும். நாளைக்கு ஒரு நாளு தப்புனா போதுங்க, வாங்கறவங்களுக்குப் பொறுமையில்ல, வேற ஊடு பாத்துக்கறேன்னு போன வாரமே சொல்லிட்டாங்க. அவங்க போனதும் ராமசாமி ஊட்டுக்குப் போயி, உம்மேல குத்தமில்லைன்னு நானே சொல்லிர்றேன். உங்களப் பொய் சொல்லச் சொல்லல. நீங்க அக்கட்டால திரும்பி அந்த டீ கப்பப் பாத்துக்கிட்டு நில்லுங்க, நான் வெச்சுர்றேன். அவரு கேட்டாருன்னா, என்னால ஆகாதுங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிருங்க. அது நெசந்தானுங்களே. உங்களால ஆகாதுங்கண்ணா. நான் உட்டாத்தான் ஓடும்.