சாப் சீட்ல இல்ல

— ஆபீசர் சாப் போன் பொட்டியில அந்த மூணாவது சுவிட்ச் சாவிய மட்டும் மாட்டாதிய நாகமுத்தண்ணே.

— அரே மங்கை, நான் என்ன பண்றது? சாப் ஆர்டர். மொத சாவிய அமுக்குனா ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு நேர் லைன். ரெண்டாவத அமுக்குனா உன் டெலிபோன் போர்டு. மூணாவத அமுக்குனா, நீ போர்டுல யாரோட பேசுனாலும் அவர் இந்த மேசையில உக்காந்தே கேக்கலாம். இவ்வளவுதான் இந்தப் பொட்டி.

— எனக்குத் தெரியாமலா?

— உன் போர்டுல வெளக்கு எரியக்கூடாதுன்னு என்னைத் தனியா கூப்ட்டுச் சொன்னார். கண்ணடிச்சுச் சொன்னார். எனக்கே அசிங்கமாப் போச்சு.

— அசிங்கமாப் போச்சில்லா? பெறகு எதுக்குத் திருகுதிய?

— பிள்ளைங்க இருக்கே. குவார்ட்டர்ஸ் இருக்கே. எங்க தாத்தா இந்தத் தீவுக்குக் கைதியா வந்து கால்ல வெலங்கோட மரம் அறுத்தாரு. எனக்கு வெலங்கு இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம். ஹுகும்னா ஹுகும், ஆர்டர மீற முடியாது.

— அவரு எதுக்குக் கேக்கப் போறாருன்னு தெரியுமாண்ணே? யாரு கூப்பிடுதாக, என்ன சொல்லி அழுதாகன்னு மொதல்ல கேப்பாரு. வேண்டியவுகன்னா எடுப்பாரு. வேண்டாதவுகன்னா, சாப் சீட்ல இல்லன்னு நான் சொல்லணும். இதுவரைக்கும் நான் எந்திரிச்சி வந்து கேட்டுட்டுப் போயிச் சொல்லுதேன். இனிமே அவருக்கு அந்த மூஞ்சியக் காட்டுத கஷ்டமும் கெடையாது. கருமம்.

— கேட்டா பிஸின்னு சொல்வார்.

— என்ன பிஸி? அன்னைக்கு ஒரு பெங்காலிப் பெரியவர், புதுசா குடியேறுனவர், வெதை நெல்லு கடல் தண்ணியில நனைஞ்சி போச்சின்னு அழுதாரு. இவரு என் போர்டுக்கிட்ட வந்து, ரிசீவரத் தோள்ல இடுக்கிக் காதுல வச்சிக்கிட்டு, பேசாம கேட்டுக்கிட்டே நகம் வெட்டுனாரு அண்ணே. பெறகு என்னைப் பாத்து, இந்தாளு நல்லா அழுதான்லான்னு கேக்காரு. அதுல ஒரு ருசி அவருக்கு. அந்த ரிசீவர நான் தொடச்சித்தான் தொடுவேன்.

— காலைல கூட யாரோ கூப்ட்டாங்கன்னு பியூன் சொன்னானே.

— யாரோ இல்ல. என் தங்கச்சி புஷ்பம் விசயமா.

— லாங் ஐலண்ட்ல இருக்காளே, சண்முகம் பொண்டாட்டி?

— அவதான். நேத்துலேர்ந்து வலி. பிள்ளை குறுக்க கெடக்காம். மரம் வெட்டுத கேம்ப்ல ஒரே ஒரு கம்பவுண்டர், அவரு கையப் பெசஞ்சிக்கிட்டு நிக்காராம். சண்முகம் அங்க வயர்லெஸ்காரர் கால்ல விழுந்து, அவரு டவுனுக்குச் சொல்லி, டவுன்லேர்ந்து இங்க போன். போட்டெல்லாம் நம்ம சாப் கையிலதான, அனுப்புனா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டாந்திரலாம். நான் ஓடியாந்து இதே எடத்துல நின்னேன். என் கூடப்பொறந்தவ சாப்னு சொன்னேன்.

— அதுக்கு?

— ஆரஞ்சி உரிச்சித் தின்னுக்கிட்டு இருந்தாரு. கொட்டையத் துப்பித் துப்பி இந்த மேசை மேல வரிசையா வச்சாரு. தலையத் தூக்கவே இல்ல. சீட்ல இல்லன்னு சொல்லிருன்னாரு.

— த்தூ!

— இங்க துப்பாதிய. கழுவுதது அன்னம்மாள், பாவம்.

— நீ சொன்னியா?

— சொன்னேன். என் தங்கச்சி சாகக் கெடக்கான்னு தெரிஞ்சே இந்த வாயால சொன்னேன். போயி நாலு மட்டம் வாயக் கொப்பளிச்சிட்டு வந்தேன். போகல அண்ணே. இன்னும் நாறுது.

— போட் ஜெட்டியில நிக்குதுல்ல?

— பிக்னிக்குக்கு நிக்கி. டெல்லியிலேர்ந்து ஒரு பெரிய சாப் வந்திருக்காராம். கோழி பொரிச்சி, ஐஸ் பொட்டி கட்டி, அவரக் கூட்டிக்கிட்டுத் தீவு தீவா சுத்திக் காட்டப் போறாரு நம்ம சாப். இப்ப கெஸ்ட் ஹவுசுக்குத்தான் போயிருக்காரு, அவர ஏத்திக்கிட்டுத்தான் ஜெட்டிக்குப் போவணும். இன்னும் நேரம் கெடக்கு.

— வேற போட் இல்லையா?

— இன்னொண்ணு பெயிண்ட் அடிக்கக் கரையேத்திக் கெடக்கு. அண்ணே, மொத சாவி வேலை செய்யுமா இப்ப?

— வயர் மாட்டியாச்சு. செய்யும். ஏன் கேக்குற?

— அத அமுக்குனா ஜெட்டியில தனி மணி அடிக்கும்லா? அந்த மணியில ஆர்டர் வந்தாத்தான் போட் நகரணும், மத்த போன்ல எவன் சொன்னாலும் நகரப்படாதுன்னு போன வாரமே அங்க உத்தரவு போட்டுட்டாரு. ஜெட்டி கோவிந்தராஜ் அண்ணனே எங்கிட்ட சொன்னாரு.

— மங்கை, நீ எங்க வர்றேன்னு தெரியுது. வேணாம்.

— நான் பேசுனா பொம்பளக் கொரல்னு தெரிஞ்சிரும். உங்க ஹிந்தி அப்படியே அவரு ஹிந்தி.

— இங்கயே பொறந்தவன், எங்க வீட்ல புருசன் பொண்டாட்டி சண்டையே ஹிந்திலதான். அதுக்காக? மாட்டுனா வேலை மட்டும் போகாது, உள்ள தள்ளிடுவாங்க.

— சரி, வேண்டாம். மூணாவது சாவியையும் நல்லா இறுக்கி மாட்டுங்க. நாளைக்கு சண்முகம் கூப்பிட்டு, புஷ்பம் போயிட்டான்னு அழுவாரு. சாப் சாஞ்சி உக்காந்து அதையும் கேக்கட்டும்.

— அப்படிச் சொல்லாத.

— வேற எப்படிச் சொல்ல?

— கதவச் சாத்து. சாப் டப்பாவுலேர்ந்து பாக்கு எடு. அந்தாளு வாயில பாக்கு இல்லாம பேசவே மாட்டான். சீ, அவன் தொட்ட பாக்க என் வாயில போட வேண்டியிருக்கு பாரு.

— சாத்திட்டேன். அமுக்குங்க.

— பக்கத்துல வந்து நீயும் காத வை. மூச்சு விடாத.

— ஹலோ, ஜெட்டி. கோவிந்தராஜ் பேசறேன் சாப்.

— ஹாங், கோவிந்தராஜ். போட் அபி லாங் ஐலண்ட் பேஜோ. ஏக் ஔரத் பஹுத் பீமார் ஹை. பச்சா ஹோனேவாலா ஹை. ஹாஸ்பிட்டல் லேகே ஆனா.

— ...ஜி?

— பெஹரா ஹை க்யா? லாங் ஐலண்ட்! ஜல்தி!

— ...ஜி. ஜி சாப்.

— வச்சிட்டாரு. போட்ட அனுப்பி பிரசவக்காரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டாரச் சொன்னியளே, செவிடான்னு வேற திட்டுனியளே, நம்பிட்டாரா அண்ணே? அந்த ‘ஜி’ய ஏன் அப்படி இழுத்தாரு?

— தெரியல. தண்ணி குடு. கோவிந்தராஜ் நல்லவன்தான், ஆனா அவனுக்கும் வேலை வேணுமே.

— சாப் நேரா ஜெட்டிக்கே போயிருந்தா? டெல்லிக்காரரு தானா அங்க வந்து நின்னிருந்தா?

— வாய வச்சிக்கிட்டு சும்மா இரு.

— மணி அடிக்கி அண்ணே. ஜெட்டி லைன்.

— நீ எடு.

— நான் மாட்டேன். இது சாப் லைன், பொம்பளக் கொரல் கேக்கப்படாது.

— ...ஹலோ.

— நாகமுத்தண்ணே, இன்னா ஹிந்தி வுட்ற நீ!

— தெரிஞ்சிடுச்சா?

— தெரியாம? நான் போன எடுக்கச் சொல்ல நம்ப சாப் ஜன்னலாண்ட நின்னு ஐஸ் பொட்டி எறக்கிக்கினு கீறாரு. ஆளு வெளிய, கொரலு என் காதுல.

— போட் என்னாச்சு அண்ணே? நான் மங்கை.

— போயிடுச்சிம்மா. போட் ஓட்டுற சாரங்கு அப்பவே கயித்த அவுத்துட்டான். உன் தங்கச்சின்னு எனக்குத் தெரியும். அளாத.

— சாப் பாத்துக்கிட்டேவா நின்னாரு?

— அதான் சொல்ல வரேன். போட்டு நவுர சொல்ல, எங்க போவுதுன்னு டெல்லி சாப் கேட்டாரு. நம்ப சாப் மூஞ்சி செவந்து, கத்த வாயத் தொறந்துட்டாரு. நான் முந்திக்கினேன். பிரசவக்காரிய இட்டாரணும், பிக்னிக்க அப்பறம் வச்சிக்கலாம்னு எங்க சாப் ஆபீஸ்ல ஆர்டர் குட்த்துட்டு வந்தாரு, அதான் இப்ப வந்த போன்னு டெல்லி சாப்கிட்ட சொல்லிட்டேன்.

— அரே பாப்ரே! டெல்லி சாப் என்ன சொன்னாரு?

— நம்ப சாபோட ரெண்டு கையும் புட்ச்சிக்கினாரு. உன்ன மாரி ஆபீசர நான் பாத்ததே இல்ல, மேலிடத்துக்கு எளுதறேன்னாரு.

— நம்ம ஆளு?

— ஏழைங்க அளுவுறதக் கேட்டா எனக்குச் சோறு எறங்காதுன்னாரு. சொல்லச் சொல்ல, மெய்யாவே கண்ணுல தண்ணி வுட்டுட்டாருண்ணே.