காயம் ஆற்றும் அறை

எடை போட்ட அன்று வயலில் இருந்தவர்கள்: ஆராய்ச்சி நிலையத்து மேடம், அவருடைய டிரைவர், என் தம்பி, தம்பி மனைவி, நான். மப்பும் மந்தாரமுமான நல்ல நாள். எல்லோரும் டீ குடித்தோம்.

நிலையத்தின் புதுச் சர்க்கரைவள்ளி ரகத்தை எங்கள் வயலில் நட்டுப் பார்த்தார்கள். பக்கத்துப் பாத்தியில், ஒப்பிடுவதற்கு, என் ரகம். ஆலையில் இரவு வேலையை விட்டு வந்தபின் நல்ல கொடியாகப் பொறுக்கிப் பொறுக்கி நான் தேற்றியது. எது அதிகம் விளைகிறதோ அதுதான் இனி வயல் முழுக்க என்பது தம்பியும் நானும் பேசிக்கொண்டது. ஒரு பாத்தியின் கொடி மறு பாத்தியில் வேர்விடாமல் தூக்கிவிட்டது நான். புது ரகத்தின் கொடியையும் சேர்த்துத்தான். கிழங்கைத் தோண்டிக் குவித்தது அவன்.

புது ரகம் ஜெயித்தது.

"என்னண்ணே, உன் செல்லப்பிள்ள ஃபெயிலாயிடுச்சு. இலைய மட்டும் காட்டி இத்தன நாளா உன்ன ஏமாத்தியிருக்கு."

"சும்மா இருங்க. மாமா மூஞ்சியே செத்துப்போச்சு," என்றாள் அவன் மனைவி.

நானும் சிரித்தேன். மேடம் வண்டியில் ஏறப் போனார். பின்னால் போன டிரைவர், புது ரகக் குவியலிலிருந்து உருண்ட ஒரு கிழங்கை மிதித்துவிட்டார். இரண்டு ரகத்துக்கும் தோல் சிவப்புதான். ஆனால் புது ரகம் உள்ளே ஆரஞ்சு. உடைந்தது வெள்ளை. என்னுடையது. தம்பி அதைக் காலால் மண் தள்ளி மூடினான். அதன்பின் என் முகத்தைப் பார்க்கவில்லை.

புது ரகம் ஜெயித்தால் ஊருக்கெல்லாம் நடவுக்கொடி கொடுக்கும் பொறுப்பு அவனுக்காம். என்னிடம் கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேன். நான் எதுவும் கேட்கவில்லை. சண்டை எனக்குப் பிடிக்காது.

தோண்டும்போது பட்ட காயம் ஆற, கிழங்கைச் சூடான அறையில் அடுக்குவோம். ஜன்னல் கிடையாது. மூலையில் கரியடுப்பு. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வெளியே நிற்க வேண்டும். அது எங்கள் வழக்கம். அன்று கரியைக் கூடுதலாகப் போட்டது நான்தான். கரிப்புகையில் மூச்சு நின்றது என்று உங்கள் டாக்டர் சொன்னது சரி. அவன் தட்டியது யாருக்கும் கேட்டிருக்காது. டீப் பாத்திரத்தைக் கொடுத்து அவன் மனைவியை வீட்டுக்கு அனுப்பியிருந்தேன்.

"அண்ணே, கதவ புடிச்சுக்க. பராக்குப் பாக்காத."

"போடா, நான் இருக்கேன்ல."

கடைசிக் கூடையோடு போனான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை. நம்பினவனை ஏமாற்றக் கூடாது, சார். அதை அவனுக்குப் புரியவைக்கத்தான் கதவைச் சாத்திப் பூட்டினேன்.