செண்டுமல்லிப் பாதை போட்டுத் தந்த ஒதிலியா அம்மையாருக்கு

சான் லூக்காஸ் செங்கல் சூளைப் பிள்ளைகளின் சிந்தையில் சுடர் ஏற்றியவரே! மண் மிதித்துக் களைத்த எங்களையும் மதித்து மாலை வகுப்பில் அமர்த்தியவரே! ஒதிலியா அம்மையாரே, வணக்கம்! எழுத்தைக் காலம் கடந்து பிடித்தவர்கள் நாங்கள். சொல் தடுக்கினால் பொறுத்தருள்க.

பிழைப்புக்காகப் பல ஊர்களிலிருந்து வந்த எங்களுக்கு இங்கே எங்கள் மாண்டோர்க்குக் கல்லறையும் இல்லை, அவர்கள் படம் வைத்துப் படைக்க வீட்டில் மேடை போட இடமும் இல்லை. நவம்பர் பிறந்து மாண்டோர் நாள் வந்தால் உங்கள் வகுப்பு மேடையே எங்கள் எல்லாருக்கும் மேடை. அன்று நம்மைப் பார்க்க வழி நடந்து வரும் மாண்டோர்க்குத் தாகம் தீரத் தண்ணீர், பசி தீர ரொட்டி, பாதை தெரியச் செண்டுமல்லி இதழ் என்று காரணத்தோடு கற்பித்தீர்கள். சாவுக்கு அஞ்சாமல், சர்க்கரையில் செய்த மண்டையோட்டில் எங்கள் பெயரையே எழுதிக் கடித்துச் சிரிக்கவும் கற்பித்தீர்கள்!

சென்ற ஆண்டு, வடக்கே எல்லை தாண்டிப் போய்ச் சேதியே இல்லாத தன் தந்தையின் படத்தைச் சிறுமி சிட்லாலி அம்மேடையில் வைத்துவிட்டாள். தாய் ஹசிந்தா சேற்றுக் கையோடு ஓடிவந்தார்.

"என்ன டீச்சர் இது? என் புருஷன் செத்துட்டாருன்னு யாரு வந்து சொன்னா? எடுங்க முதல்ல!"

"செத்தவங்கதாம்மா வருஷம் தவறாம வர்றாங்க," என்றாள் சிட்லாலி. "அப்பா வரவே மாட்டேங்கறாரே, அதான் வச்சேன்."

பள்ளிக் குழுத் தலைவர் அன்செல்மோ ஐயா சீறினார்: "சின்னப் பிள்ளைங்களுக்கு எதுக்கு இந்தச் சாவு சமாச்சாரம்? கலைங்க மேடைய!"

நீங்கள் கலைக்கவில்லை. படத்தைத் தாயின் கையில் கொடுத்தீர்கள். "கண்ணு, இது வேற வழியில்லாதவங்க வர்ற பாதை. உங்கப்பாவுக்கு ரோடு இருக்கு, பஸ் இருக்கு," என்றீர்கள். பிறகு தலைவர் பக்கம் திரும்பினீர்கள். "பாதி சொல்லிக் கொடுத்தது என் தப்புங்க ஐயா. மீதியையும் சொல்லிக் கொடுக்கறேன். மேடை இருக்கும்."

இருந்தது. ஹசிந்தாவும் அன்று மாலை தன் தாய்க்கு ஒரு மெழுகுவத்தி கொண்டுவந்து ஏற்றினார்.

இன்று நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். "டீச்சரோட மேடையும் போச்சு," என்று ஐயா இப்போதே சொல்லித் திரிகிறார். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவர் காதிலும் விழட்டும் என்றே உரக்க வாசிக்கிறோம்: போகாது! மேசையை எடுத்தால் செங்கல் அடுக்குவோம். அது எங்களுக்குத் தெரிந்த வேலை. அறையைப் பூட்டினால் முற்றத்தில் அடுக்குவோம். பூவுக்கு ஹசிந்தா பொறுப்பு. காரணம் சொல்ல, உங்களிடம் படித்துப் பிள்ளை பெற்றவர்கள் இந்தக் கூடம் நிறைய இருக்கிறார்கள்.

அன்பின் ஊற்றே! அஞ்சாத நெஞ்சே! நோய் நொடியின்றி நெடுங்காலம் வாழ்க! எங்கள் மேடையில் உங்கள் படத்துக்கு ஓர் இடம் உண்டு. அதை வைக்க எங்களில் எவருக்கும் அவசரமில்லை. வருகிற நவம்பரில் பூ உதிர்க்க ஆள் போதாது. வந்துவிடுங்கள்.

நன்றியும் பிடிவாதமும் குறையாத
சான் லூக்காஸ் சூளைத் தொழிலாளர்கள்
எழுதி வாசிப்பவர்: எவரிஸ்தோ