பதினாலாம் நம்பர் காட்டுக்குப் போன பந்து

மூணு பந்தும் கீழ போயிருச்சுங்க. அதான் நடந்தது. வேற ஒண்ணுமில்ல.

ஏனுங்க தம்பி, டேப்ப அங்க வைக்காதீங்க. அது கார்னர் கொடி நடற எடம். இங்கிட்டு வாங்க. வலை கட்ட வந்தா வலைய மட்டும் பார்க்கோணும். 'எதுக்குங்க ஐயா இவ்வளவு ஒசரம்'னு நீங்க கேட்டீங்க, இப்ப நான் சொல்ல வேண்டியதாப் போச்சு. எனக்கு அதிகம் பேச வராது. ரெண்டே வார்த்தை. போர்டுல என்ன பேரு எழுதறதா? அதக் கடைசில சொல்றேன். மொதல்ல அளவ எடுங்க.

கிரவுண்டப் பாருங்க. மூணு பக்கம் மேடு. இந்த ஒரு பக்கம் பள்ளம். கீழ தெரியற தேயிலை பதினாலாம் நம்பர் காடு. அதுக்குக் கீழ ஓடை. ஓடைக்குக் கீழ... தெரியாதுங்க. ஆரும் போனதில்ல. பந்து மட்டும் போயிருக்குது.

அட, எட்டிப் பாக்காதீங்க! நேத்துப் பேஞ்ச மழ. கோயமுத்தூர்லிருந்து வந்த ஆளு உருண்டு போனா அதுக்கும் நான்தான் பதில் சொல்லோணும்.

நான் லெப்ட் பேக்குங்க. பதினேழு வருசம். பி டிவிஷன், சி டிவிஷன், திரும்பவும் பி. ஏ டிவிஷன் மேட்ச வெளிய நின்னு பார்த்திருக்கேன். கோலா? ஒண்ணும் போட்டதில்ல. போடற அவசியமே வரல. எங்கிட்ட இருந்தது ஒரே ஒரு உதை. நாம ஒரு கோல் முன்னால இருக்கோம், பத்து நிமிசம் பாக்கின்னு வைங்க. பந்து எங்கிட்ட வரும். இடது கால உள்ளாற மடக்கி ஒண்ணு விட்டேன்னா, இந்த வெளிம்பத் தாண்டி... போச்சு. பசங்க எறங்கி, அட்டைக்கடி வாங்கி, தேடி எடுத்தாரதுக்குள்ள ரெப்ரி விசில் அடிச்சுருவாரு. வீணாப் போன நேரத்தச் சேத்துக் குடுக்கறதெல்லாம் அப்ப இல்ல. நடுவட்டம் போற பஸ்ஸ ரெப்ரியும் பிடிக்கோணுமில்ல?

பதினோரு மேட்சு அப்புடியே ஜெயிச்சோம். பாறைக்காடு எஸ்டேட்டு டீம்னா எல்லாத்துக்கும் ஒரு பயம். பயம்னா... எரிச்சல். ரெண்டும் ஒண்ணுதான்.

அதக் கேள்விப்பட்டு கோயமுத்தூர்ல ஒரு கிளப்பு என்னைய செலக்‌ஷனுக்குக் கூப்புட்டாங்க. உங்க ஊருதான். போனேன். வெறும் தட்டக் காடு. சுத்தி மதில் சுவரு. கடைசி பத்து நிமிசம். பந்து வந்துச்சு. விட்டேன் ஒண்ணு. சுவத்துல பட்டு... திரும்பி வந்துருச்சுங்க! போன பந்து திரும்பி வந்து நான் அதுவரைக்கும் பார்த்ததில்ல. வாயப் பொளந்து நின்னுட்டேன். அவிங்க ஆளு அத வாங்கி கோல் போட்டான். அன்னைக்குச் சாயந்தரமே பஸ் ஏறி, மலைப்பாதையில பர்லியார் தாண்டிட்டேன்.

சிரிக்காதீங்க. டேப்பு ஆடுது.

பொறகு மேனேஜர். எஸ்டேட் மேனேஜர் இல்லீங்க, டீம் மேனேஜர். ஜெர்சி தொவைக்கறது மேனேஜர். சுண்ணாம்புக் கோடு போடறது மேனேஜர். கோல் போஸ்ட்ல காட்டெருமை நின்னா கையெடுத்துக் கும்புட்டு 'அந்தப் பக்கம் போ சாமி'ங்கறதும் மேனேஜர். இருவத்தாறு வருசமாச்சு.

ரெண்டு வருசம் முந்தி புட்பால் சங்கத்துல ஒரு விதி போட்டாங்க. மேட்சுக்கு மூணு பந்து. மூணாவது பந்தும் கீழ போயி, பத்து நிமிசத்துக்குள்ள பந்து வரலீன்னா ஆட்டம் முடிஞ்சது. அப்ப என்ன ஸ்கோரோ அதான் முடிவு. எந்தப் புத்திசாலி எழுதுனான்னு கேக்கறீங்க. கேளுங்க, கேளுங்க. நல்ல கேள்விதான்.

போன மாசம் கடைசி மேட்சு. தோத்தா சி டிவிஷன். டிரா ஆனாப் போதும், பி-லயே இருப்போம். புதுத் தொரை, அதான் எஸ்டேட் மேனேஜர், என்னையக் கூப்புட்டு, "மனோகரன், சி டிவிஷனுக்கு எறங்குனா டீம் வேண்டாம். கிரவுண்டுல தேயிலை நாத்து நட்டுக்கலாம்"னுட்டாரு. நாத்துங்க! நான் கோடு போட்ட எடத்துல!

எதிர்ல சில்வர் ஓக் டீம். குன்னூர்க்காரங்க. இருவதாவது நிமிசத்துல ஒரு கோல் போட்டுட்டாங்க. சரி, திருப்பிக் குடுத்துரலாம்னு இருந்தேன். அறுவதாவது நிமிசம் அவிங்க லெப்ட் பேக்குகிட்ட பந்து போச்சு. இடது கால உள்ளாற மடக்குனான். போச்சு, பந்து பதினாலாம் நம்பர்ல.

ஆருன்னு நெனைக்கறீங்க? அருண்பிரசாத். என்ற மருமகன்! அந்த இடது காலப் பார்த்துத்தானுங்க வனிதாவையே கட்டிக் குடுத்தேன். ஊட்டுக்கு வர்றப்பெல்லாம் "மாமா, அந்த உதை எப்புடிங்க மாமா"ம்பான். சாப்பாட்டுத் தட்டுல எலுமிச்சம்பழத்த வெச்சுக் காட்டிக் குடுத்தேன். இப்ப உதைச்சுட்டு எம் பக்கம் திரும்பி, "கால் சரியா மடங்குச்சுங்களா மாமா?"ங்கறான். பெத்த பொண்ணு அந்தப் பக்கம் நின்னு கை தட்டறா.

எழுவத்திமூணாவது நிமிசம் ரெண்டாவது பந்து. எம்பத்தியோராவது நிமிசம் மூணாவது. ரெப்ரி வாட்ச்சத் தட்டி, "பத்து நிமிசம்"னுட்டாரு.

பசங்க எறங்குனாங்க. மூடுபனி. நம்ம கோல் கீப்பரு ஜார்க்கண்டுப் பையன். அவன் கூட எறங்கி இந்தியில என்னமோ கத்திட்டுத் தேடறான். ஒண்ணுங் கெடைக்கல. நான் இந்த வெளிம்புல நின்னேன். இங்கதான். நீங்க நிக்கற எடம். பனி கொஞ்சம் வெலகுச்சு. கீழ தேயிலைக்கு நடுவுல ஒரு பொம்பள உக்காந்து டீ குடிச்சுட்டு இருக்குது. சீசன் நேரம், ஞாயித்துக்கெழமையும் கொழுந்து எடுப்பு உண்டு.

"என்ன மேனேஜரே, தேடறீங்க?"ன்னுச்சு.

"பந்து."

"எந்தப் பந்து? இப்ப வந்ததா, தொண்ணூத்தெட்டுல வந்ததா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சுங்க.

தொண்ணூத்தெட்டு நான் ஆடுன கடைசி வருசம். விட்ட பந்து நேராப் போயி அந்தப் பொம்பளையோட கூடையில விழுந்து, ரொம்பிக் கெடந்த கொழுந்தெல்லாம் சேத்துல கொட்டிருச்சு. அன்னைக்கு எடை கொறஞ்சு அதுக்கு அரைப்பேருதான் போட்டாங்க. அரை நாள் சம்பளம். தலையெல்லாம் எலையோட மேல ஏறி வந்து நின்னுச்சு. ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான், "ஆட்டம்னா பந்து வரும். ஒதுங்கி நிக்கறது"ன்னேன். "சரி, இனிமே இந்தக் காட்டுக்குள்ள வர்ற பந்து என்னுது"ன்னுட்டு எறங்கிப் போச்சு. அதுக்கப்பறம் காணாமப் போன பந்தையெல்லாம் ஓடை கொண்டு போச்சுன்னு நெனைச்சுட்டு இருந்தேன்.

"இப்ப வந்தது மூணும் ஓடையில போயிருச்சு. பழசு ஒண்ணு இருக்குது. வேணுமா?"ன்னுச்சு.

"வேணும்."

"அப்பக் கேளு."

"கேட்டனே!"

"அது பந்தக் கேட்டது. தொண்ணூத்தெட்டுல கேக்காம விட்டத இன்னுங் கேக்கல."

ரெப்ரி, "இன்னும் ஆறு நிமிசம்"ங்கறாரு. மருமகன் பாக்கறான். வனிதா பாக்கறா. தொரையும் வந்து நிக்கறாரு. நான் மெதுவா, "தப்புதான்"னேன்.

"காத்தடிக்குது. கேக்கல"ன்னுச்சு.

காத்தாவது! அன்னைக்கு ஒரு எலை அசையலீங்க.

கண்ண மூடிட்டுக் கத்துனேன். "தொண்ணூத்தெட்டுல நாஞ் செஞ்சது தப்பு! மன்னிச்சுக்குங்க!" எதிர் மலை அத இன்னொருக்காச் சொல்லுச்சு. ஒரு தடவ போதாதா?

அப்பத்தான் அந்தம்மா எந்திரிச்சாங்க. உக்காந்திருந்ததே பந்து மேலதானுங்க! காத்துப் போன பழைய தோல் பந்து. கிழிசல் வழியாக் கந்தல் துணிய அமுக்கித் திணிச்சு, சாக்கு ஊசியில தச்சு, ஈரத்துல உக்கார்றதுக்கு வெச்சிருக்காங்க. அதக் கூடையில போட்டு, இடுப்புல கட்டுன படங்குச் சாக்கோட இந்தச் செங்குத்து ஏறி வந்து, நடுக்கோட்டுல வெச்சாங்க.

மருமகன் ஓடியாந்தான். "சார், இது பந்தில்லீங்க, துணி மூட்டை!"

ரெப்ரி காலால உருட்டிப் பார்த்தாரு. "பந்து வரோணும்னுதான் எழுதியிருக்குது. புதுசா வரோணும்னு எழுதல"ன்னு விசில் அடிச்சுட்டாரு.

ரெப்ரி ரெண்டு டீமுக்கும் நடுவுல போட்டாரு, முந்திக்கிட்டு மொத உதை மருமகன்து. இடது கால உள்ளாற மடக்கி, வெளிம்பப் பார்த்து, மொத்த பலத்தையும் போட்டு விட்டான். 'தொப்'புன்னு ஒரு சத்தம். பந்து நாலடி போயி நின்னுச்சு. அவன் காலப் பிடிச்சுட்டு உக்காந்துட்டான். "கால் சரியா மடங்குச்சு மாப்பிள்ளை"ன்னேன். கேட்டிருக்கும்.

நம்ம முருகன், ஃபேக்டரியில டிரையர் பாக்கற பையன், அரிசி மூட்டையத் தள்ளற மாதிரி அதத் தள்ளிட்டே போனான். கோல்கிட்ட வந்து ஒரு தட்டுத் தட்டுனான். கீப்பரு பாஞ்சு விழுந்து எந்திரிச்சே ஆச்சு. அதுக்கப்பறம் பந்து சாவகாசமா உருண்டு உள்ள போச்சு. ஒண்ணுக்கு ஒண்ணு! மிச்ச நேரமும் எவன் உதைச்சும் அது வெளிம்பு வரைக்கும் வரல.

டீம் பொழைச்சுது. கிரவுண்டும் பொழைச்சுது. சங்கத்துச் செகரெட்டரி வந்து, "மேனேஜர் தந்திரம்"னு எனக்குப் பொன்னாடை போத்துனாரு. வாங்கிப் போத்திக்கிட்டேன். வாயத் தொறக்கல. தொரை கை குடுத்தாரு. அப்பவும் தொறக்கல. அந்தம்மா அந்தப் பந்தக் கேட்டு வாங்கிட்டு வேலைக்கு எறங்கிட்டாங்க. மழ நாள்ல உக்கார வேற எதுவுமில்லியாம்.

என்ன, பையக் கட்டறீங்க? இருங்க, முடிச்சுட்டேன். அந்த மூணு பந்து விதிய ஆரு எழுதுனதுன்னு கேட்டீங்கல்ல? ரெண்டு வருசம் முந்தி எல்லா டீமும் இங்க வலை கட்டலாம்னாங்க. "மலையில எதுக்கு வலை? விதி போட்டாப் போதும்"னு ஒருத்தன் எந்திரிச்சுப் பேசி, எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுத்தான். இனி வர்ற மேட்செல்லாம் நாமதான் முன்னால இருப்போம்னு அவனுக்கு ஒரு நெனைப்பு. மினிட்ஸ் புக்குல பாருங்க. கே. மனோகரன், மேனேஜர், பாறைக்காடு. நானேதானுங்க.

அதனாலதான் வலை. இருவதடி ஒசரம். கொறைக்காதீங்க. ஒரு பந்தும் இனி அந்தக் கூடையில விழுகக் கூடாது.

போர்டுல என்ற பேரு வேண்டாம். தொரை பேரும் வேண்டாம். பெரிய எழுத்தா, கீழ காட்டுல நிக்கறவங்களுக்கும் தெரியற மாதிரி எழுதுங்க. கருப்பம்மாள்.