எறும்புகள் வராமல் போன நாள்

எங்கள் வீட்டு ஜன்னல் வெயில் அவரைச் செடிக்கு நன்றாக ஒத்துக்கொள்ளும், இன்ஸ்பெக்டர் ஐயா. பெரிய காஞ்சிபுரத்தில், தறிச் சத்தம் ஓயாத தெருவில் வீடு. நான் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியன். ஆனால் 1969ஆம் வருஷம் முழுக்க நான் வாழ்ந்தது அந்த ஜன்னலில்தான்.

அவரைக் கொழுந்தில் கறுப்பு அசுவினிப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும். அவை விடும் இனிப்புத் துளிக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காக்கும். எருக்கஞ்செடி அசுவினியிடம் அதே எறும்புகள் அதிகம் போவதில்லை. எருக்கம்பாலின் நஞ்சு துளியிலும் இறங்குகிறது என்பது என் எண்ணம். செடிச் சாற்றில் சர்க்கரை உண்டு, சத்து குறைவு. அந்தச் சத்தை அசுவினியின் உடம்புக்குள் குடியிருக்கும் பாக்டீரியா தயாரித்துக் கொடுக்கிறது என்று படித்திருந்தேன். அந்தப் பாக்டீரியாவைக் கொன்றால் எறும்பு என்ன செய்யும்? இதுதான் என் கேள்வி.

அதற்கு டெட்ராசைக்ளின் வேண்டும். டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்காது. பூச்சிக்காக யார் சீட்டு எழுதுவார்கள்?

ஐப்பசி மழையில் என் மனைவி தேவகிக்கு நிமோனியா கண்டது. மாகறல் விவசாயக் குடும்பத்துப் பெண்; தன் வலியைச் சொல்லத் தெரியாதவள். டாக்டர் டெட்ராசைக்ளின் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு கேப்ஸ்யூலையும் பக்குவமாகத் திறந்து, மஞ்சள் பொடியைத் தண்ணீரில் கரைத்து, அவரைக் கொழுந்துகளை அதில் நிறுத்தினேன். காலிக் கூட்டில் ஆரோரூட் மாவை நிரப்பினேன். அவளுக்கு நானே கொடுத்தேன். ஒரு வேளைகூடத் தவறவில்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

அவள் கட்டில் ஜன்னலோரம். நான் கல்லூரிக்குப் போனபின் எறும்புகளை எனக்காக அவள்தான் பார்த்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் மாலை நான் உள்ளே நுழைந்ததும் அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

“என்னாங்க, எறும்பு ஒண்ணுகூட வரலீங்க. காலைலேருந்து பாத்துக்கினே இருக்கறேன். உங்க மருந்து நல்லா வேலை செய்யுது.”

“உனக்கு எப்படிம்மா இருக்குது?”

“மூச்சுதான் வாங்குது. மருந்து சாப்புடறேனே, சரியாப்பூடும்.”

நாங்கள் இருவரும் ஒரே விஷயத்துக்காக மகிழ்ந்தது அன்றுதான். மீதிக் கேப்ஸ்யூல்களை அவளுக்கே கொடுத்திருக்கலாம். ஆனால் முடிவு உறுதியாக இன்னும் மூன்று நாள் தேவைப்பட்டது.

எட்டாம் நாள் காலையில் தேவகி போய்விட்டாள். இந்தச் சோதனையைப் பற்றி எழுதி அனுப்பிய கட்டுரையின் முதல் பக்கத்தில் அவளுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

வீட்டை ஒழுங்குபடுத்த வந்த அவள் தங்கை வள்ளி, டப்பாவில் கிடந்த கேப்ஸ்யூல் ஒன்றைத் திறந்து மாவைப் பார்த்துவிட்டு உங்களிடம் வந்தது சரிதான். மாற்றியது நான். தேவகி செத்தது அதனால்தான். மறுக்கவில்லை.

ஒருமுறை செய்த சோதனை போதாது, திரும்பச் செய்து அனுப்புங்கள் என்று கட்டுரை அனுப்பிய சென்னைப் பத்திரிகையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அதற்கும் வள்ளி விஷயத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள். அவள் உங்களிடம் வருவதற்கு முன், அவளை எனக்கு இரண்டாம் தாரமாகத் தருவதாக அவள் வீட்டார் சொன்னபோது நான் சம்மதித்தது, அந்தப் பெண்ணுக்கு ஒரு வாழ்வு அமையட்டுமே என்றுதான். மழைக்காலத்தில் அவளுக்கும் நெஞ்சில் சளி கட்டுமா என்று நான் விசாரித்தது வெறும் அக்கறையில்.