நடை என்றுதான் சொன்னேன்

“நடைன்னுதானே சொன்னீங்க?”

“நடைன்னுதான் சொன்னேன்.”

“அப்புறம் எப்படி அது நடத்தைன்னு போய்ச் சேர்ந்துச்சு?”

“அந்தம்மா காதுக்கு நான் எப்படிம்மா பொறுப்பு?”

மருந்துக்கடைப் பெண்ணின் அம்மா என் வாசலில் நின்று போட்ட சண்டை இது. நான்கு மாடிக்கும் கேட்டது. செயலாளர் ஐயா, குடியிருப்போர் சங்கம் சார்பில் நீங்கள் விளக்கம் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். அப்போது நான் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தேன். கடைசி உறையையும் மடித்து வைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன். எனக்குக் கோபம் வராது.

முப்பத்தோரு வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவள் நான். ஓய்வுபெற்ற பிறகு முதல் மாடி பால்கனிதான் என் இடம். எந்த வம்புக்கும் நான் போனதில்லை. வம்பு தானாகப் படியேறி வரும். வந்ததை உட்காரச் சொல்வேன், அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில் மருந்துக்கடைப் பெண் ஓர் அறிவிப்பு ஒட்டினாள். ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவுக்கு மூச்சுக் கருவி வாங்க, முப்பது நாள், தினமும் நம் தெருவை முப்பது சுற்று நடப்பாளாம். முழுதாக முடித்தால் நன்கொடை தருவதாக ஆளாளுக்குக் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் தெருவுக்கே பித்துப் பிடித்தது. தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு அவள் பின்னால் ஓடினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கைவீசி நடந்ததில் பேக்கரிக்காரரின் மூக்குக்கண்ணாடி பறந்தது. ‘மேனேஜர்’ என்று நாம் கூப்பிடும் தெருநாய் நான்கு சுற்று வந்துவிட்டு, ஐந்தாவதில் நடுத்தெருவில் மல்லாந்து படுத்துக்கொண்டது. மொத்தக் கூட்டமும் அதைத் தாண்டிக் குதித்துப் போனது. மேலிருந்து பார்த்த எனக்குத் தலை கிறுகிறுத்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

இரண்டாவது வாரம்தான் உறைத்தது. கூட நடக்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டா நடப்பார்கள்? தெருவின் அத்தனை சேதியும் அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது. என் படியில் ஆளரவமே இல்லை. தையல்காரர் கடையைக் காலி செய்யப் போகிற விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்து நான்கு நாள் கழித்து, அவள் வாயால் எனக்கு வந்தது.

“உங்களுக்குத் தெரியாதா பெரியம்மா?” என்றாள். கள்ளம் இல்லாமல்தான் கேட்டாள். அது இன்னும் மோசம்.

இருபத்திரண்டாம் நாள் கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி வந்தார். அவர் மகனும் இந்தப் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்பி, இரு வீட்டிலும் சம்மதம் சொல்லியாகிவிட்டது. கல்யாணத் தேதி வைக்கும்முன் சும்மா ஒரு வார்த்தை கேட்டுப் போக வந்திருந்தார்.

“பொண்ணு எப்படிங்க?”

“தங்கமான பொண்ணு. நடைதான் கொஞ்சம் சரியில்ல.”

அவர் தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார். “என்னங்க சொல்றீங்க?”

“மூணு வாரமா நானும் பாக்குறேன். எப்பப் பாரு தெருவுலதான்.”

“யார்கூட?”

“இன்னார்னு ஒருத்தரைச் சொல்ல முடியாதுங்க.”

இதில் ஒரு சொல் பொய்யா, ஐயா? இடது குதிகாலில் கொப்புளம் கிளம்பி அவள் நொண்டி நடந்தது எல்லோருக்கும் தெரியும். தெருவில் இருந்தாள். பலரோடு இருந்தாள். கண்ணாடிக் கடை வீடு ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. இந்த நன்கொடை நடை பற்றி அந்தம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். எந்தச் சொல் எந்தக் காதில் எப்படி விழும் என்று முப்பத்தோரு வருடம் கேட்டுப் பழகியவள் நான். ‘கால்ல கொப்புளம்’ என்று இரண்டே வார்த்தை சேர்த்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தன. தேநீரோடு விழுங்கிவிட்டேன்.

இரண்டு நாளில் சம்பந்தம் முறிந்தது. அவள் நடை இருபத்து நான்காம் நாளோடு நின்றது. கருவி வரவில்லை. மறுநாள் காலை தையல்காரர் மூச்சு வாங்கப் படியேறி வந்து, “விஷயம் தெரியுமாக்கா?” என்றார். அடுத்து பேக்கரிக்காரர். அடுத்து தலைமையாசிரியர், மனைவியோடு. நாற்காலி பற்றவில்லை. எதுவும் தெரியாத மாதிரி ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கேட்டேன். அப்படி ஒரு காலைப்பொழுது எனக்கு வாய்த்து வெகுநாள் ஆயிற்று.

ஆறு மாதத்தில் கண்ணாடிக் கடைப் பையனுக்கு ஒரு வங்கிக்காரப் பெண்ணோடு கல்யாணம் ஆனது. மருந்துக்கடைப் பெண்ணும் அம்மாவும் போன வாரம் வீட்டைக் காலி செய்து, வேறு ஊரில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்விட்டார்கள். லாரி கிளம்பியபோது தெருவில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் பால்கனியில் நின்று கையசைத்தேன். அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சின்னப் பெண்தானே, மன்னித்துவிட்டேன்.