மின்மினிக்கு மேலே

— காசு குடுத்து ஏமாறுறவங்கள நிறையப் பாத்திருக்கேன். காசு குடுத்து, "எப்படி ஏமாத்துனீங்க, அதையும் காட்டுங்க"ன்னு கேக்குறவன் நீ ஒருத்தன்தான் ரஸ்.

— வாங்கியாச்சு நோரீன். இனிமே திட்டி என்ன ஆகப்போகுது? இந்தப் பார்க்குக்குக் கீழ இருக்கிற சுரங்கம், மேல பரண், கூடவே ஒரு ஆளு வந்து எல்லாத்தையும் விளக்கிச் சொல்லுவாங்களாம். சும்மா டிக்கெட் வாங்கி வர்றவங்க கண்ணுல இதெல்லாம் படாது.

— படவேண்டாம்னுதான மூடி வச்சிருக்காங்க. அந்தக் காசுக்கு மாசம் முழுக்க மளிகை வாங்கலாம்.

— உனக்கு மளிகையா பிரச்சனை?

— இல்ல. கேளு. ஒவ்வொரு வருஷமும் நம்ம பொண்ணு ஜூனியோட பொறந்தநாளுக்கு இங்க வரேன். எதுக்கு வரேன்? மின்மினிக் குகைப் படகுல ஒரு தடவ ஏறி, இருட்டுல உக்காந்து, இறங்கி, எலுமிச்சை ஜூஸ் ஒண்ணு குடிச்சிட்டு வீட்டுக்குப் போயிடுவேன். நீ இதே பெஞ்சுல உக்காந்து வேகவச்ச கடலை தின்னுட்டிருப்பே. யாருக்கும் தொந்தரவு கிடையாது.

— இந்த வருஷம் நானும் உள்ள வரலாம்னு பாத்தேன்.

— வரதுன்னா படகுல வா. மூடியக் கழட்டிட்டு வராதே.

— ஏசி மெக்கானிக்கக் கட்டிக்கிட்டு இப்படிச் சொன்னா எப்படி? நம்ம ஊரு லேக்லண்டுல நான் மூடியக் கழட்டிப் பாக்காத மெஷின் ஒண்ணு இருக்கா?

— அதான் எனக்குப் பயம். அன்னைக்கும் அதைத்தான செஞ்சே. டாக்டருங்க கைய விரிச்சதுக்கப்புறம் யாரோ புண்ணியவானுங்க செலவுல நம்ம மூணு பேரையும் இங்க அனுப்பி வச்சாங்க. ஜூனி தலையில தொப்பி, சட்டையில வாசல்ல குத்திவிட்ட நட்சத்திரம். வாரம் முழுக்க பிள்ள ஒரு வார்த்த பேசல. குகைக்குள்ள மேல அத்தன மின்மினி ஓடுது, அதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் இறங்கி வந்து அவ தலைக்கு மேல இருந்துச்சு. "அம்மா, மேல பாரு. என்கூடவே வருது"ன்னா. அதுதான் அவ பேசின முத வார்த்த. அப்ப நீ என்ன சொன்னே?

— நோரீன்.

— இல்ல, சொல்லு.

— "மோட்டார் மாட்டிக்கிச்சு போல"ன்னேன்.

— சொன்னேல்ல. பிள்ள உன்ன ஒரு பார்வை பாத்தா. எனக்குன்னு மிச்சம் இருக்கிறது அந்த ஒரு மின்மினிதான் ரஸ். அதையும் கழட்டி, இந்தா பாரு, இந்த ஸ்க்ரூதான் லூஸுன்னு என் கையில குடுக்கணுமா?

— நான் சொன்னது தப்புன்னு யாராவது என் மூஞ்சிக்கு நேரா சொல்லணும். அதுக்குத்தான் இந்தக் காசு. அந்த வார்த்த இத்தன வருஷமா தொண்டையில முள்ளா நிக்குது.

— நீ சொன்னது சரிதான்னு சொல்லிட்டா?

— அதுக்கப்புறம் இந்தப் பார்க்குப் பேச்சையே நான் எடுக்கமாட்டேன். நீ என்ன எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கிறேன்.

— ரஸ் சார், நோரீன் மேடம்? நான் மாரிசோல். இன்னைக்கு உங்க ரெண்டு பேருக்கும் வழிகாட்டி நான்தான். சாயங்கால மழைக்கு முன்னாடி கீழ இறங்கிடலாம். போன் ரெண்டையும் இந்தப் பெட்டியில போட்டுடுங்க, உள்ள படம் எடுக்கக்கூடாது.

— அவரக் கூட்டிட்டுப் போம்மா. நான் வரல.

— வாங்க மேடம். எந்த இடத்துல பிடிக்கலன்னாலும் சொல்லுங்க, சத்தியமா பக்கத்துக் கதவத் திறந்து வெளிய விட்டுடறேன்.

— எந்த இடத்துலயும்?

— எந்த இடத்துலயும்.

— அப்ப ஒண்ணு. மின்மினிக் குகை வந்தா நான் கதவுக்கு வெளிய நிப்பேன். அங்க அவர் மட்டும் போகட்டும்.

— சரிங்க மேடம். படி வழுக்கும், கைப்பிடியப் பிடிச்சுக்குங்க. இதுதான் சுரங்கம். தலைக்கு மேல இடி மாதிரி கேக்குதே, அது ஊர்வலம் போற சத்தம்.

— நோரீன், இந்தக் குழாயப் பாரு. பார்க்கு முழுசுக்கும் குளிர்ந்த தண்ணி இதுலதான் போகுது. என் உயரம் இருக்கு.

— வாய மூடு, ஈ போயிடப்போகுது. ஏம்மா மாரிசோல், எதக் காட்டினாலும் ரெண்டு விரலால காட்டுறியே, அது என்ன?

— எங்க பழக்கம் மேடம். ஒத்த விரல நீட்டினா திட்டுற மாதிரி இருக்குமாம், குழந்தைங்க பயந்துக்குமாம். முத நாளே சொல்லிக்குடுத்துடுவாங்க. என் கல்யாணத்துல பாதிரியாருக்குக்கூட ரெண்டு விரலாலதான் வழி காட்டினேன், சத்தியமா.

— அய்யய்யோ. அங்க ஒரு கரடி, தலையக் கழட்டிப் பக்கத்துல வச்சிட்டு சாண்ட்விச் தின்னுட்டிருக்கு.

— அவரு கரடியோட சிநேகிதர் மேடம். கரடி மேல இருக்கு.

— சிநேகிதரா?

— வேஷம் போடுறவங்கள நாங்க அப்படித்தான் சொல்லுவோம். வீட்டுல பொண்டாட்டி கேட்டாலும் அதான் பதில்.

— ரஸ், இவங்க நம்மள ஏமாத்தல. இவங்களும் சேந்து நம்புறாங்க.

— எல்லாருக்குமே கொஞ்சம் பைத்தியம். எனக்குப் பிடிச்சிருக்கு.

— இந்த ஏணிப்படி ஏறினா மின்மினிக் குகையோட மேல்கதவு. மேடம், நீங்க நிக்கிறேன்னு சொன்ன இடம் வந்தாச்சு.

— நிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் போங்க.

— உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கிறேன் மாரிசோல். அந்த மின்மினியெல்லாம் எதுல ஓடுது?

— சங்கிலியில சார். ஒரே சங்கிலி, கூரை முழுக்கச் சுத்தும். அதுலதான் எல்லா விளக்கும் தொங்குது.

— மோட்டார் மாட்டிக்கிட்டா ஒரு விளக்கு மட்டும் நின்னுடுமா?

— அது எப்படி சார்? ஒரே மோட்டார்தான். நின்னா மொத்தமும் நின்னுடும்.

— மத்ததெல்லாம் ஓடிட்டுதான் இருந்துச்சு. ஒருவேள ஒரு கம்பி எங்கயாவது சிக்கி... இரு. இரு நோரீன்.

— என்ன?

— படகு போயிட்டிருந்துச்சு.

— படகுன்னா போகத்தான் செய்யும்.

— அந்த விளக்கு சிக்கி நின்னிருந்தா நாம அதத் தாண்டிப் போயிருப்போம். அது நமக்குப் பின்னாடி நின்னிருக்கும். ஆனா அது வளைவு வரைக்கும் நம்மளோடயே வந்துச்சு. ஜூனி அதத்தான சொன்னா? நிக்குதுன்னா சொன்னா? "என்கூடவே வருது"ன்னுல்ல சொன்னா. ஊர்ல உள்ள மெஷினெல்லாம் பாத்த கழுத நான், அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சே.

— அப்ப அது எப்படி வந்துச்சு? ஏம்மா, நீ எதுக்குக் கண்ணத் துடைக்கிறே?

— உங்க பொண்ணு சட்டையில நட்சத்திரம் குத்தியிருந்தாங்களா மேடம்?

— ஆமா. வாசல்ல குத்திவிட்டாங்க. பெட்டியில இன்னும் வச்சிருக்கேன்.

— அப்ப வெளிய நிக்காதீங்க, உள்ள வாங்க. நான் காட்டப்போறது டூர்ல கிடையாது. குனிஞ்சு வாங்க, உத்தரம் தாழ்வு. மெதுவாப் பேசணும், இங்க பேசுறது கீழ கேக்கும், கீழ பேசுறது நமக்குக் கேக்கும்.

— கடவுளே.

— நல்லாப் பாத்துக்குங்க மேடம்.

— ரஸ், மின்மினியெல்லாம் நமக்குக் கீழ இருக்கு. வானத்தோட முதுகுப் பக்கம் வந்துட்ட மாதிரி இருக்கு.

— மேடம், நாம நிக்கிற இந்தப் பலகை படகு போற வழிக்கு நேர் மேல, வளைவு வரைக்கும் போகுது. உங்க பொண்ணு மாதிரி உடம்பு முடியாம, நட்சத்திரம் குத்திட்டு வர்ற குழந்த படகுல ஏறினா படகுத்துறையில நிக்கிறவங்க ரேடியோவுல சொல்லுவாங்க. மேல இருக்கிற ஆளு சங்கிலியிலருந்து ஒரு விளக்கக் கழட்டி, இந்தத் தூண்டில் கம்புல மாட்டி, கீழ இறக்கி, படகு போற வேகத்துக்கு இந்தப் பலகையில கூடவே நடப்பாங்க.

— மேலதிகாரி உத்தரவா?

— உத்தரவெல்லாம் இல்ல சார். இங்க வேலைக்கு வந்தவங்க அடுத்து வர்றவங்களுக்குச் சொல்லிக்குடுத்துட்டுப் போறதுதான். வெளிய மூச்சு விடமாட்டோம். அந்த ஆணியில ஒரு சமையல்கட்டுக் கையுறை தொங்குதுல்ல? அந்தக் காலத்து பல்பு கைய சுட்டுடும். இப்ப உள்ளது சுடாது. ஆனாலும் அத எடுத்துப் போட யாருக்கும் மனசு வரல.

— விரலு பக்கமெல்லாம் கருகியிருக்கு.

— அப்ப அன்னைக்கு என் ஜூனிக்கு மேல ஒரு ஆளு நடந்து வந்திருக்கான்.

— வந்திருப்பாங்க மேடம். யாருன்னு எனக்குத் தெரியாது. அத யாரும் சொல்லிக்கிறதில்ல.

— மெஷினு இல்லன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்னு நெனச்சேன். இருட்டுல, யார் பெத்த பிள்ளையோ, அதுக்காகச் சுடுற விளக்கத் தூக்கிட்டு ஒருத்தன் குனிஞ்சே நடந்திருக்கான் ரஸ். நிஜ மின்மினி வந்திருந்தாக்கூட எனக்கு இப்படி உடம்பு சிலிர்த்திருக்காது.

— அந்தக் கையுறைய ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கிறேன் நோரீன்.

— தொடு.

— ஒரு நிமிஷம், ரேடியோ கூப்பிடுது.

— மேல யாரு? நட்சத்திரம் ஒண்ணு வருது. முன் வரிசை, மஞ்சத் தொப்பி போட்ட பையன்.

— மாரிசோல்தான். இங்க நிக்கவேண்டிய டெரல் சாப்பிடப் போயிருக்கான். நான் பாத்துக்கிறேன். மேடம், விளக்க மாட்டிட்டேன், இந்தக் கம்பப் பிடிங்க.

— நானா? எனக்குக் கையெல்லாம் நடுங்குதும்மா.

— நடுங்கட்டும். மின்மினின்னா நடுங்கத்தான் செய்யும்.

— ரஸ்.

— பின்னால உன் இடுப்ப நான் பிடிச்சுக்கிறேன். குனிஞ்சு நடந்து முட்டி வலிச்சா நாளைக்குப் பாத்துக்கலாம்.

— படகு மூக்கு தெரியுது மேடம். இறக்குங்க. இன்னும் கொஞ்சம். போதும். இப்ப நடங்க.

— அம்மா, மேல பாரேன். என்கூடவே வருது.

— அப்பா சொல்றேன் கேளு கண்ணு, ஒண்ணுமில்லடா, மோட்டார் ஏதோ மாட்டிக்கிச்சு போல.

— கேட்டியா ரஸ்? கீழ உக்காந்து நீ பேசுறே.

— கேட்டேன். பேசட்டும். நீ நட, வளைவு வரைக்கும்.